கடல் ரோஜாவின் வைப்பர்

ஏப்ரல் 16

தடைக்காலம் தொடங்கி இரண்டாம் நாள். இனி ஜூன் பதினான்கு வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீனுக்கு லீவு, எங்களுக்கு மராமத்து.

எங்கள் சம்மாட்டி ஹிலாரி இந்த டைரியை என் கையில் திணித்தார். சம்மாட்டி என்றால் படகுக்குச் சொந்தக்காரர். "இஞ்ஞாசி, போட்டுல என்ன வேல நடந்துன்னு தெனமும் எழுதி வையும். போன வருசம் மாதிரி வாயால சொல்லுத கதையெல்லாம் வேண்டாம்" என்றார். நான் 'கடல் ரோஜா'வின் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக அந்த ஸ்டியரிங் என் கையில்தான்.

முதல் வேலை வைப்பர். கேபின் முன்கண்ணாடியில் இரண்டு இருக்கின்றன. இரண்டு மோட்டாரையும் மாற்ற வேண்டும் என்று சொன்னதே நான்தான்.

இந்த டைரியில் கோடுகளை ரொம்ப மங்கலாக அடித்திருக்கிறார்கள். மையை மிச்சம் பிடிக்கிற கம்பெனி போலிருக்கிறது.

ஏப்ரல் 17

வைப்பரை ஏன் மாற்றுகிறோம் என்று எழுதாமல் வேலையை மட்டும் எழுதினால் நாளைக்குப் படிக்கிறவருக்குப் புரியாது. ஆகவே எழுதுகிறேன்.

மார்ச் மாதம் ஒரு நாள், பொழுது சாயும் நேரத்தில் துறைமுகம் திரும்பிக்கொண்டிருந்தோம். அலை கண்ணாடியில் அடித்தபடி இருந்தது. வைப்பர் நின்றுவிட்டது. கண்ணாடி முழுக்க உப்புத் தண்ணீர். அதனால் சூசைமரியான் என்கிற பெரியவரின் சின்ன வள்ளம் எனக்குத் தெரியவில்லை. அவர் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டோம். வள்ளத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்ததாம். பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள்.

சம்மாட்டி பழைய வலைக்குப் பதில் புது வலை கொடுத்து அனுப்பினார். என்னிடம், "வைப்பர மாத்திருவோம். அதுக்கப்புறமும் இப்பிடி ஒண்ணு நடந்தா ஸ்டியரிங்கு பெனடிக்ட் கைக்குப் போயிரும், சொல்லிட்டேன்" என்றார். பெனடிக்ட் எங்கள் இரண்டாவது டிரைவர். நல்ல பையன்தான், நாற்பது வயது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மாவு பிசைகிற மாதிரி இருக்கும்.

இன்னொன்று. அன்றைக்கு மத்தியாஸ் வரவில்லை, அக்காள் மகளுக்கு ஞானஸ்நானம். இந்த மத்தியாஸ் வலைக்காரன். வலைக்காரன் என்றால் பின்னால் வலைப்பக்கம் கிடக்க வேண்டும். இவனோ கிறிஸ்துமஸுக்குப் பிறகு கேபினில் என் இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டு, "அண்ணே, அங்க ஒரு மிதவை. அண்ணே, இங்க ஒரு வள்ளம். அண்ணே, செவப்பு லைட்டு" என்று கிரிக்கெட் கமெண்டரி கொடுக்கிறான். ஓட்டைவாய். அன்றைக்கு அவன் இல்லாததால் கேபின் அமைதியாக இருந்தது. அமைதியில் நான் கொஞ்சம் அசந்திருக்கலாம். ஆனால் காரணம் வைப்பர்தான்.

ஏப்ரல் 24

எலெக்ட்ரிக் வேலைக்கு என் மைத்துனன் கஸ்பார் வந்திருக்கிறான். என் மனைவி தெக்கிளாவின் தம்பி. பஸ் டிப்போவில் முப்பது வருடம் எலெக்ட்ரீஷியன், போன மாதம்தான் ஓய்வு. படகில் கால் வைத்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், இது ஏன் ஆடுது?" என்றான். "தண்ணியில நிக்குது மாப்ளே" என்றேன்.

அவன் வேலை செய்யும் இடம் துறைமுகத்தில் கட்டிப்போட்ட படகு. அதற்கே எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருக்கிறான்.

ஏப்ரல் 27

பழைய மோட்டார்கள் இரண்டையும் உப்பு தின்ற ஒயர்களோடு கழற்றியாயிற்று. போல்ட்டெல்லாம் உப்பில் இறுகி, ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போனது. கஸ்பார் சும்மா இருக்கமாட்டாமல் இரண்டையும் நேராக பேட்டரியில் கொடுத்துப் பார்த்தான். இரண்டும் ஓடின.

"அத்தான், இது நல்லாத்தான ஓடுது?"

"கரையில ஓடும். கடல்ல ஓடாது."

"அதெப்பிடி?"

"நீ பஸ்ஸுக்காரன். உனக்குப் புரியாது."

அவன் தலையைச் சொறிந்தான். நான் அந்த இரண்டையும் வலைக்குவியலுக்கு அடியில் வைத்தேன். இடத்தை அடைக்கக் கூடாது என்பதற்காக.

மே 3

புது மோட்டார்கள் வந்தன. பஸ்ஸுக்குப் போடுகிறவைதான். படகிலும் பஸ்ஸிலும் இருபத்துநான்கு வோல்ட் என்பதால் சரியாக இருக்கும் என்றான் கஸ்பார். பூட்டினான். சுவிட்சைப் போட்டான். ஓடவில்லை.

மே 5

மாற்றி வாங்கி வந்தோம். ஓடவில்லை.

மே 7

மறுபடியும் மாற்றி வாங்கப் போனோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மோட்டாரு வாங்குதியளா, பொண்ணு பாக்குதியளா?" என்றார். அவர் கண்ணெதிரே பேட்டரியில் கொடுத்துப் பார்த்து வாங்கினோம். கடையில் சுற்றியது. படகுக்கு வந்ததும் படுத்துக்கொண்டது.

கஸ்பாருக்கு முகம் சுண்டிவிட்டது. முப்பது வருடத்தில் தன் கையில் ஓடாத வைப்பர் கிடையாது என்று மூன்று முறை சொன்னான்.

மே 9

கண்டுபிடித்துவிட்டேன்! நான்தான் கண்டுபிடித்தேன் என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் கஸ்பார் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். நான் கேபின் லைட்டைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைட்டுக்கு இரண்டு ஒயர் போகிறது. ஹாரனுக்கு இரண்டு. மீன்தேடும் பெட்டிக்கும் இரண்டு. கஸ்பாரின் மோட்டாருக்கு மட்டும் ஒன்றுதான்.

"மாப்ளே, போற ஒயர் இருக்கு. திரும்பி வாற ஒயர் எங்க?"

"அது எதுக்கு அத்தான்? பாடியில எர்த் எடுத்துக்கிடும்லா?" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவன் வாய் அப்படியே நின்றுவிட்டது. பஸ்ஸுக்கு உடம்பெல்லாம் இரும்பு. மோட்டாரைத் திருகினாலே மறுமுனை கிடைத்துவிடும். கடல் ரோஜாவுக்கு உடம்பு மரம், மேலே ஃபைபர். மரத்தில் எர்த் தேடி ஒரு வாரம் மூன்று ஜோடி மோட்டாரைப் பழி சொல்லியிருக்கிறான்!

நெற்றியில் அடித்துக்கொண்டான். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

மே 10

டீக்கடையில் சொன்னேன்.

மே 11

ஐஸ் கம்பெனியில் சொன்னேன்.

மே 12

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சொன்னேன். தெக்கிளா முறைத்தாள். "எந்தம்பி தெரியாம செஞ்சான். தெரிஞ்சே மறைக்கிறவுகளும் இருக்காவ" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. என் வெள்ளைச் சட்டை பழுப்பேறிக் கிடக்கிறது, அதைக் கவனிக்க மாட்டாள்.

மே 19

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வேலை விவரம்தான், எழுதுகிறேன்.

கஸ்பார் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ஒயர்களை என் கையில் நீட்டிக்கொண்டிருந்தான். சுவிட்சிலிருந்து கரண்ட் கொண்டுவருவது நீல ஒயர். திரும்பிப் போவது கறுப்பு. "அத்தான், கறுப்ப மட்டும் அந்த நெகட்டிவ் கட்டையில முறுக்கிருங்க" என்றான். முறுக்கினேன். சுவிட்சைப் போட்டதும் பட்டென்று ஃபியூஸ் போயிற்று.

வெளியே வந்து பார்த்தான். நான் முறுக்கியிருந்தது நீலமாம்.

இந்தக் காலத்தில் ஒயருக்கு ஒழுங்காகச் சாயம் போடுவதில்லை. நீலத்தை இவ்வளவு கறுப்பாக யார் செய்யச் சொன்னது?

கஸ்பார் இரண்டு துண்டு ஒயரை வெட்டி என் உள்ளங்கையில் வைத்து, "இதுல நீலம் எது அத்தான்?" என்று கேட்டான். நட்ட நடுப்பகல், வெயில் கையில் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒன்றைக் காட்டினேன். அவன் தலையாட்டினான். "சரிதான் அத்தான்" என்றான்.

அவன் அதைச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 20

கஸ்பார் எல்லா ஒயரிலும் வெள்ளை டேப் சுற்றி 1, 2, 3 என்று குண்டு குண்டாக எண் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். "நீங்க சொன்னது சரிதான் அத்தான், கம்பெனிக்காரன் மட்டமா சாயம் போட்டுருக்கான்" என்றான்.

எர்த் விஷயத்தை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இவன் இதை அவன் அக்காளிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நேற்றே எனக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

மே 26

கோயில் மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் என்று தெக்கிளா சொன்னாள். வயதானவர்கள் போகட்டும் என்றேன். எனக்கு ஐம்பத்தெட்டுதான்.

ஜூன் 1

வைப்பர் ஓடுகிறது! இரண்டும் சேர்ந்து, சண்டை போடாமல். ஒரே குறை, நிறுத்தினால் ஓரத்துக்குப் போகாமல் என் மூக்குக்கு நேரே நட்டநடுவில் நிற்கிறது. கஸ்பாரைக் கேட்டால், "நிறுத்தாதீங்க" என்கிறான்.

ஜூன் 4

மூன்றாம் எண் ஒயரை மாற்றிக் கொடுத்த பிறகு ஓரத்தில் போய் நிற்கிறது. கஸ்பாருக்கு இப்போது எலுமிச்சம்பழம் தேவைப்படுவதில்லை.

ஜூன் 11

இன்றைக்குத் துறைமுகத்துக்குள்ளேயே வெள்ளோட்டம். சம்மாட்டி, கஸ்பார், பெனடிக்ட், மத்தியாஸ், இன்னும் இரண்டு பேர். நான் ஸ்டியரிங்கில்.

வைப்பரைச் சோதிக்க பெனடிக்ட் முன்னால் நின்று வாளி வாளியாகக் கண்ணாடியில் தண்ணீரை வீசினான். வைப்பர் வழித்துத் தள்ளியது. "பளிங்கு மாதிரி இருக்கு!" என்றார் சம்மாட்டி. எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு அப்படியேதான் இருந்தது. மார்ச்சில் இருந்த அதே பனி. உள்பக்கம் ஆவி படிந்திருக்கும் என்று உள்ளங்கையால் துடைத்தேன். கண்ணாடி காய்ந்து கிடந்தது.

அப்போது மத்தியாஸ் என் காதருகே, "அண்ணே, வலப்பக்கம் ஒரு வள்ளம். பெரியவரு ஒருத்தர் இருக்காரு. கொஞ்சம் மெதுவா" என்றான். பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. வெள்ளையாக வெயில் மட்டும் இருந்தது. ஆனாலும் வேகத்தைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வள்ளம் ஒன்று வந்தது. சூசைமரியான். என்னைப் பார்த்ததும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கைகள் எனக்குத் தெரிந்தன. அவ்வளவு பக்கத்தில்.

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். பெனடிக்டைக் கூப்பிட்டு, "பிடி" என்றேன். போய் வலைக்குவியலுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய மோட்டார்கள் இரண்டையும் எடுத்து வந்து சம்மாட்டியின் முன்னால் வைத்தேன்.

"இது ரெண்டும் நல்லாத்தான் ஓடிச்சு. அன்னைக்கும் ஓடிச்சு. கெட்டுப்போனது என் கண்ணு" என்றேன்.

சம்மாட்டிக்கு முகம் சிவந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. "மார்ச்சுல சொல்லிருக்கலாம்லா? ஒரு உசுரு போயிருந்தா என்ன வே செய்வீரு? ரெண்டு மோட்டாரு மாத்துனதுக்கு ரெண்டு கண்ண மாத்தியிருக்கலாம்!" திட்டட்டும் என்று நின்றேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. சீசனுக்குப் பெனடிக்ட்தான் ஓட்டுவான் என்றார். கண் சரியானால் பார்க்கலாம் என்றார்.

பிறகு மத்தியாஸ்தான் பெருமூச்சு விட்டான். "அப்பாடா. இனியாவது நான் வாய மூடலாம். ஆறு மாசமா பேசிப் பேசித் தொண்ட கட்டிப்போச்சு அண்ணே."

"என்னல சொல்லுத?"

"பின்ன, வலைப்பக்கம் காத்து வாங்கிக்கிட்டுப் படுத்துக் கிடக்கத விட்டுட்டு உங்க பக்கத்துல நிக்கணும்னு எனக்கு என்ன ஆச? கிறிஸ்துமஸுக்கு மறுவாரம் ஒரு மிதவைய உரசிக்கிட்டுப் போனிய. அன்னைக்கே நாங்க எல்லாரும் பேசி வச்சிட்டோம். உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவிய. அதான் என்னைய அனுப்பினாங்க. நான்தான் கொஞ்சம் பேசுத ஆளு."

பெனடிக்ட் ஸ்டியரிங்கிலிருந்து திரும்பாமலே, "அவன் லீவு போட்ட அன்னைக்கு நான் வந்து நின்னுருக்கணும் அண்ணே. நான் நிக்கல" என்றான்.

ஏப்ரல் 17-ஐத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டைவாய் என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்பதும் டைரியில் இருக்க வேண்டும்.

ஜூன் 12

சூசைமரியான் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "நான் கத்துனேன் தம்பி. நீ என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வந்த. அதத்தான் என்னால மறக்க முடியல" என்றார்.

நான் சிரிக்கவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது சிரிப்பாகத் தெரிந்திருக்கிறது. மூன்று மாதமாக ஒரு மனிதர் என்னை அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கத்தோடு கண்ணை இடுக்கிக் காட்டினேன். அவரும் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா, இதே சிரிப்புதான்" என்றார். அப்புறம் தண்ணீர் கொடுத்தார்.

ஜூன் 15

கடல் ரோஜா போயிற்று. காலை ஐந்து மணிக்குக் கரையில் நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அது போவதைக் கரையிலிருந்து பார்த்ததில்லை. இன்றைக்கும் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டேன். அழுகை வந்தது. பக்கத்தில் கஸ்பார் நின்றான். "அத்தான், பஸ்ஸுன்னா அடுத்தது அரை மணி நேரத்துல வரும்" என்றான். அடி வாங்கியிருப்பான், கைக்கு எட்டாமல் நின்றுகொண்டான்.

ஜூன் 20

இது தெக்கிளா எழுதுவது. இவருக்கு நேற்று வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. புரை முற்றியிருந்ததாம். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். மார்ச் முதல் என்றார் இவர். போன வருடம் தீபாவளிக்கு முன்பே என்றேன் நான். டாக்டர் நான் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்.

கண்ணில் கட்டு. "நான் சொல்லச் சொல்ல எழுது" என்று டைரியைக் கொடுத்தார். எழுதுவதற்கு முன்னால் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அவருக்கு இது தெரியாது. மே 12-க்கு மட்டும் பதில்: சட்டை வெள்ளைதான்.

ஜூன் 21

கட்டைப் பிரித்தார்கள்.

சட்டை வெள்ளைதான். தெக்கிளாவின் சேலை நீலம். கல்யாணத்தின்போது வாங்கிய நீலம் மாதிரியே இருக்கிறது. அவள் முடியில் இவ்வளவு நரை எப்போது வந்தது? கேட்டேன். "நீங்க பாக்காத நேரத்துல" என்றாள்.

இந்த டைரியில் கோடுகளை நன்றாக அழுத்தித்தான் அடித்திருக்கிறார்கள். நான்தான் பக்கம் பக்கமாகக் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஆடி ஆடி எழுதியிருக்கிறேன்.

ஜூன் 29

சம்மாட்டி வந்து என் முன்னால் ஒயர் துண்டுகளை நீட்டினார். கஸ்பார் சொல்லிக்கொடுத்த பரீட்சையாம். நீலம், கறுப்பு, பச்சை, பழுப்பு. எல்லாம் சரி. "டாக்டரு தண்ணியில எறங்கலாம்னு எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் வாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலைத் தாண்டியதும் திரும்பி, "பெனடிக்ட் மாவு பெசையுதான் வே" என்றார்.

ஜூலை 28

இன்றைக்குக் கடலுக்குப் போனேன். ஸ்டியரிங்கில்.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நன்றாக அடித்தது. திரும்பும்போது அலை கண்ணாடியில் மோதிக்கொண்டே வந்தது. வைப்பரைப் போட்டேன். ஒரு வழி, தண்ணீர் போயிற்று. மறு வழி, கடல் தெரிந்தது. கலங்கரை விளக்கம் பூ மாதிரி விரியாமல் ஒரு புள்ளியாக எரிந்தது. கஸ்பார் வலது வைப்பரை அரை விரல் கோணலாகப் பூட்டியிருப்பதும் தெரிந்தது. நாளைக்கு டீக்கடையில் சொல்ல வேண்டும். வேண்டாம், அவனிடமே சொல்கிறேன்.

மத்தியாஸ் பழக்கதோஷத்தில் என் இடப்பக்கம் வந்து நின்றான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். எஞ்சின் சத்தமும் வைப்பர் சத்தமும்தான். கேபின் இவ்வளவு பெரிதா என்று இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"ஏலே மத்தியாஸ், எடப்பக்கம் அது என்னல?"

அவன் பதறிவிட்டான். "உங்களுக்குத் தெரியலையா அண்ணே?"

"தெரியுது. நீ சொல்லு."

என் முகத்தையே பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "செவப்பு மிதவை ஒண்ணு அண்ணே. மேல ரெண்டு கடப்புறா உக்காந்துருக்கு. அதுக்கு அந்தால ஒரு வள்ளம், பாய் கட்டியிருக்கான்..." என்று ஆரம்பித்தவன் துறைமுகம் வரும்வரை நிறுத்தவில்லை.

மிதவைமேல் மூன்று கடற்புறாக்கள் இருந்தன. நான் திருத்தவில்லை.